கவலை ஈமானின் பலவீனமா? மூளையில் ஹோர்மோனைத் தேடிய ஒரு விஞ்ஞானியின் ஆய்வுகள் காட்டும் உண்மை

மனக் கவலையால் தூக்கம் இழந்து, எதிலும் நாட்டமில்லாமல், சற்று முன்னர் சொன்னதையே மறந்துபோகும் ஒருவரைக் கண்டால் எம்மவர்கள் வழமையாகச் சொல்லும் வார்த்தைகள் சில இருக்கின்றன. "தவக்குல் போதாது", "ஈமான் பலவீனம்", "ஒழுங்காகத் தொழுதால் எல்லாம் சரியாகிவிடும்." சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு இருக்கின்ற சுமையோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. தனக்கு நேர்ந்திருப்பதை வெளியில் சொல்ல அவர் வெட்கப்படுகிறார். வைத்தியரிடம் போவதும் தள்ளிப்போகிறது.

மன அழுத்தம் என்பது மனதில் மட்டும் நிகழும் ஒன்றா, அல்லது உடலிலும் மூளையிலும் உண்மையாகவே எதையாவது மாற்றுகிறதா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளில் அரை நூற்றாண்டைக் கொடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மெக்யூவன். அவரது ஆய்வுப் பயணத்தைத் தெரிந்துகொள்வது, எமது வீடுகளில் கவலையோடு இருப்பவர்களை நாம் நடத்தும் விதத்தை மறுபரிசீலனை செய்ய உதவும்.

எதிர்பாராத இடத்தில் கிடைத்த விடை

மெக்யூவன் 1938ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். இளமாணிப் பட்டத்துக்கு இரசாயனவியல் படித்த அவர், 1964ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் பயின்ற ஆய்வுகூடம், கலத்தின் கருவினுள் பரம்பரை அலகுகள் எவ்வாறு இயக்கப்படுகின்றன, எவ்வாறு நிறுத்தப்படுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பயிற்சியே பின்னர் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. சுவீடனில் சிறிது காலம் மூளை ஆய்வில் ஈடுபட்டபின், 1966ஆம் ஆண்டு ரொக்கபெல்லருக்கே திரும்பினார். 2020 ஜனவரி 2ஆம் திகதி, தனது 81ஆவது வயதில் இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

அவர் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் ஹோர்மோன்கள் பற்றி ஓரளவு தெளிவு ஏற்பட்டிருந்தது. ஆபத்தொன்றை உணரும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் ஒரு சமிக்ஞை அனுப்பும். அது கபச் சுரப்பியைத் தூண்டும். கபச் சுரப்பி, சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தூண்டும். அவை மனிதர்களில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் சுரக்கும். எலிகளில் இதே வேலையைச் செய்வது கோர்ட்டிகோஸ்டெரோன். ஆக, மூளை கட்டளையிடுகிறது, உடல் நிறைவேற்றுகிறது. அன்றைய விஞ்ஞானிகள் பெரும்பாலும் இந்த ஒருவழிப் பாதையையே பார்த்தார்கள். இரத்தத்தில் கலந்த ஹோர்மோன் திரும்பவும் மூளைக்கு வருமானால், அது ஹைப்போதலமஸில்தான் வேலை செய்யும் என்பது பலரின் எதிர்பார்ப்பாக இருந்தது.

மெக்யூவனும் அவரது சகாக்களும் எலிகளின் அதிரீனல் சுரப்பிகளை அகற்றினர். எலியின் சொந்த ஹோர்மோன் குறுக்கிடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தனர். பின்னர் கதிரியக்க அடையாளமிட்ட கோர்ட்டிகோஸ்டெரோனை ஊசி மூலம் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதியில் அது தங்குகிறது என்று தேடினர். ஹோர்மோன் அதிகமாகத் தங்கியிருந்த இடம் ஹைப்போதலமஸ் அல்ல, ஹிப்போகம்பஸ்! 1968ஆம் ஆண்டு நேச்சர் சஞ்சிகையில் இந்த முடிவு வெளியானது.

ஹிப்போகம்பஸ் என்பது காதுகளுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கங்களிலும் ஆழத்தில் அமைந்திருக்கும் ஒரு சிறிய பகுதி. இன்று காலை யாரைச் சந்தித்தோம், சாவியை எங்கே வைத்தோம், நேற்றுப் படித்த பாடம் என்ன என்பவற்றையெல்லாம் நினைவில் பதிப்பதற்கு அது இன்றியமையாதது. அச்சமும் கவலையும் உண்டாக்கும் ஹோர்மோன், நினைவாற்றலுக்கும் கற்றலுக்கும் பொறுப்பான இடத்துக்குள் நேரடியாக நுழைகிறது என்பதுதான் இதன் பொருள். குரங்குகளின் ஹிப்போகம்பஸிலும் இதே தன்மை இருப்பதைப் பின்னர் அவரது குழு கண்டது.

கலத்துக்குள் நுழைந்த ஹோர்மோன், அங்குள்ள ஏற்பியுடன் சேர்ந்து கலத்தின் கருவுக்குச் செல்கிறது. அங்கே சில பரம்பரை அலகுகளை இயக்குகிறது, வேறு சிலவற்றை அடக்குகிறது. அதாவது, வெளியுலகில் நடக்கும் ஒரு சம்பவம் ஹோர்மோன் வழியாக நரம்புக் கலத்தின் உள்ளிருக்கும் இயக்கத்தையே மாற்றிவிடுகிறது.

அழியவில்லை, சுருங்கியிருக்கிறது

அடுத்த கட்டம் சற்று அச்சமூட்டுவதாக இருந்தது. மெக்யூவனின் மாணவரும் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளருமான ரொபர்ட் சபோல்ஸ்கி, நீண்டகாலம் உயர்ந்த அளவில் இருக்கும் இந்த ஹோர்மோன் ஹிப்போகம்பஸுக்குக் கேடு விளைவிக்கிறதா என்று ஆராய்ந்தார். ஹிப்போகம்பஸுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. "ஆபத்து நீங்கிவிட்டது, போதும்" என்று ஹோர்மோன் சுரப்பைத் தணிக்க உதவுவதும் அதுதான். அது பலவீனமடைந்தால் ஹோர்மோன் இன்னும் அதிகரிக்கும். அதிகரித்த ஹோர்மோன் ஹிப்போகம்பஸை மேலும் பலவீனமாக்கும். பிரேக் தேய்ந்த வாகனம் இறக்கத்தில் போவது போன்ற நிலை இது. 1986ஆம் ஆண்டு இந்தக் கருத்தை அவர்கள் விரிவாக வெளியிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பலரும், மன அழுத்தம் மூளைக் கலங்களைக் கொன்றுவிடும் என்றும் அதன்பின் ஒன்றும் செய்யமுடியாது என்றும் நினைத்தார்கள். ஆனால் மெக்யூவனின் ஆய்வுகூடமே அந்தப் படத்தைத் திருத்தியது. 1990ஆம் ஆண்டு எலிகளுக்கு 21 நாட்கள் கோர்ட்டிகோஸ்டெரோன் கொடுத்துப் பார்த்தபோது, ஹிப்போகம்பஸின் ஒரு பகுதியிலுள்ள நரம்புக் கலங்களின் கிளைகள் குட்டையாகி, எண்ணிக்கையிலும் குறைந்திருந்தன. 1992ஆம் ஆண்டு மருந்து எதுவும் கொடுக்காமல், நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் அசையமுடியாத இடத்தில் எலிகளை அடைத்து வைத்தனர். 21 நாட்களின் பின்னர் அவற்றிலும் அதே மாற்றம் தென்பட்டது.

கலங்கள் இறக்கவில்லை, கிளைகளைத்தான் சுருக்கிக்கொண்டிருந்தன. வரட்சியில் மரம் இலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்வது போல, மூளையும் தற்காத்துக்கொண்டிருக்கலாம் என்று மெக்யூவன் கருதினார். நெருக்கீட்டை நிறுத்தியபோது அந்தக் கிளைகள் மீண்டும் வளர்ந்தன.

மூளை என்பது பிறந்து வளர்ந்தபின் மாறாத ஒன்று என்ற பழைய எண்ணத்தை இது உலுக்கியது. அதே 1990ஆம் ஆண்டு அவரது ஆய்வுகூடத்தில் கத்தரின் வூலியும் எலிசபெத் கோல்டும் வேறொன்றையும் காட்டினர். பெண் எலிகளின் 4 முதல் 5 நாள் இனப்பெருக்கச் சுழற்சியில் ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் ஏறி இறங்கும்போது, ஹிப்போகம்பஸிலுள்ள நரம்புத் தொடர்புகள் தோன்றும் நுண்ணிய முட்களின் அடர்த்தியும் கூடிக் குறைந்தது. பெண்களின் உடலில் சுரக்கும் ஹோர்மோன்கள் இனப்பெருக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல, மூளை முழுவதற்கும் உரியவை என்ற புரிதலுக்கு இது வழிவகுத்தது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஏற்படும் மறதியையும் மனநிலை மாற்றத்தையும் "வயதானால் அப்படித்தான்" என்று ஒதுக்கிவிடும் எமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பயம் மட்டும் ஏன் நீங்குவதில்லை?

எமது அயல்நாடான இந்தியாவிலிருந்தும் இந்தக் கதைக்கு முக்கியமான ஒரு பகுதி வந்து சேர்ந்தது. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தைச் சேர்ந்த சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. நீண்ட நெருக்கீட்டின்போது ஹிப்போகம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்க, அச்ச உணர்வுக்கு மையமாக விளங்கும் அமிக்டலா பகுதியில் அதே கிளைகள் வளர்வதை அவர்கள் கண்டனர். நெருக்கீடு நின்று 21 நாட்கள் கழிந்த பின்னரும் அமிக்டலாவின் வளர்ச்சி குறையாமல் இருந்ததை அதே குழு 2004இல் காட்டியது.

இவை எலிகளில் கண்டவை. ஆனால் ஆபத்து முடிந்து நீண்ட காலமாகியும் சிலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடல் நடுங்குவது ஏன் என்று சிந்திக்க இவை உதவுகின்றன. யுத்தத்தையும் இடம்பெயர்வையும் சுனாமியையும் கண்ட எமது மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. "அது எப்போதோ முடிந்த கதை, இன்னும் ஏன் பயப்படுகிறாய்?" என்று ஒருவரைக் கேட்பதற்கு முன்னர் நாம் யோசிக்க வேண்டும். நிகழ்வு முடிந்திருக்கலாம். மூளையில் அது விட்டுச்சென்ற வளர்ச்சி முடியாமல் இருக்கலாம்.

உடல் சுமக்கும் பாரம்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கோர்ட்டிசோல் நஞ்சல்ல. காலையில் நாம் விழித்தெழும் நேரத்தை அண்டி அது உயர்ந்து, இரவில் குறைகிறது. அது போதியளவு சுரக்காத அடிசன் நோயாளிகள், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரிழக்கக்கூடும். பரீட்சைக்கு முன்னரும், வீதியில் வாகனம் குறுக்கே வரும்போதும் எம்மைக் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். ஆகவே "கோர்ட்டிசோலைக் குறைக்கும்" என்று சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு வைத்தியர் கொடுத்த ஸ்டெரொயிட் மருந்துகளைப் பயந்துபோய்த் திடீரென நிறுத்தவும் வேண்டாம். அது ஆபத்தானது.

பிரச்சினை, இந்த ஏற்பாடு ஓயாமல் இயங்கும்போதுதான் தொடங்குகிறது. 1993ஆம் ஆண்டு மெக்யூவனும் எலியட் ஸ்டெலர் என்ற விஞ்ஞானியும் இதற்கு ஒரு பெயர் கொடுத்தனர். தமிழில் அதை "தகவமைப்பின் சுமை" எனலாம். மாறும் சூழலுக்கு ஈடுகொடுக்க உடல் ஒவ்வொரு நாளும் ஏதோவொரு விலை கொடுக்கிறது. அந்த விலை சேர்ந்து சேர்ந்து, இரத்த அழுத்தமாகவும் நீரிழிவாகவும் இருதய நோயாகவும் மறதியாகவும் வெளிப்படுகிறது. 1997ஆம் ஆண்டு தெரேசா சீமன் என்ற ஆய்வாளரும் மெக்யூவனும் பிறரும் சேர்ந்து, இரத்த அழுத்தம், இடுப்பளவு, கொலஸ்ட்ரோல், இரத்தச் சீனி, கோர்ட்டிசோல் உள்ளிட்ட 10 அளவீடுகளைக் கொண்டு இந்தச் சுமையை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டனர்.

இங்கிருந்துதான் மெக்யூவனின் ஆய்வு ஆய்வுகூடத்தின் சுவர்களைத் தாண்டியது. சமூக, பொருளாதார நிலைக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பல்துறை அறிஞர்களோடு அவர் இணைந்து பணியாற்றினார். இந்தச் சுமை எல்லோர் மீதும் சமமாக ஏற்றப்படுவதில்லை. நாளைய செலவுக்கு என்ன செய்வது என்று தெரியாதவர், கடன்காரர் கதவைத் தட்டுவார் என்று காத்திருப்பவர், தன் அடையாளத்தின் காரணமாகச் சந்தேகப் பார்வையை நாளாந்தம் சந்திப்பவர் ஆகியோரின் உடலில் அந்த எச்சரிக்கை மணி நிற்பதே இல்லை. வறுமையும் பாகுபாடும் மனதை வருத்துவதோடு நின்றுவிடுவதில்லை, உடலுக்குள்ளும் புகுந்துகொள்கின்றன. ஒருவரின் சுகவீனத்துக்கு அவரது பழக்கவழக்கங்களை மட்டும் குறைகூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பக்கத்தில் ஒருவர் இருந்தால்

சிறு பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியமானது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இயங்கும், பிள்ளைகளின் வளர்ச்சி பற்றிய அறிவியல் சபையொன்றில் மெக்யூவனும் அங்கம் வகித்தார். அந்தச் சபை பிள்ளைகள் எதிர்கொள்ளும் மன அழுத்தத்தை மூன்றாகப் பிரித்தது. முதல் நாள் பாடசாலைக்குப் போகும் பதற்றம் போன்றவை நன்மையானவை. அன்புக்குரியவரின் மரணம், விபத்து போன்றவை கடுமையானவை, ஆனால் தாங்கிக்கொள்ளக்கூடியவை. மூன்றாவது வகை, நீண்டகாலம் தொடரும் வன்முறை, புறக்கணிப்பு, கடும் வறுமை போன்றவற்றால் ஏற்படும் நச்சு அழுத்தம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பது துன்பத்தின் அளவு மட்டுமல்ல. அந்தப் பிள்ளையின் அருகில் அன்போடும் உறுதியோடும் நிற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறாரா என்பதும்தான். அப்படி ஒருவர் இருந்தால் உடலின் எச்சரிக்கை மணி ஓய்கிறது. இல்லாவிட்டால் அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

மெக்யூவனிடம் பயிற்சி பெற்ற மைக்கல் மீனி, 1997ஆம் ஆண்டு தன் குழுவோடு வெளியிட்ட ஆய்விலும் இதே உண்மை வேறு வடிவில் தெரிகிறது. தாய் எலி அதிகமாக நக்கிப் பராமரித்த குட்டிகள், வளர்ந்தபின் நெருக்கீட்டின்போது குறைந்தளவு ஹோர்மோனையே சுரந்தன. தாயின் ஸ்பரிசம் குட்டியின் மூளையில் நிலையான பதிவை விட்டுச்சென்றிருந்தது.

தாயோ தந்தையோ உழைப்புக்காகக் கடல் கடந்து போயிருக்கும் வீடுகள் எமது ஊர்களில் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு மாதாந்தம் பணம் வருகிறது. அவர்களோடு அமர்ந்து பேச, பயந்தால் அணைத்துக்கொள்ள ஒரு உம்மும்மாவோ, மாமியோ, சாச்சியோ இருக்கிறாரா என்று நாம் கேட்கிறோமா? புலமைப்பரிசில் பரீட்சைக்காக 10 வயதுப் பிள்ளையைத் தூங்கவிடாமல் ஏசியும் அடித்தும் படிக்க வைக்கும்போது, நினைவைப் பதிக்க வேண்டிய அதே ஹிப்போகம்பஸை நாமே தொந்தரவு செய்கிறோம் என்பதை உணர்கிறோமா?

மீள வழி இருக்கிறது

மெக்யூவன் பங்கேற்ற இன்னொரு ஆய்வு நம்பிக்கை தருவது. 2009ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், கடினமான பரீட்சையொன்றுக்காக ஒரு மாதம் அழுத்தத்தோடு தயாராகிக்கொண்டிருந்த 20 வைத்தியபீட மாணவர்கள் பரிசோதிக்கப்பட்டனர். கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது. அதற்குப் பொறுப்பான மூளைப் பகுதிகளின் இணைந்த செயற்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. பரீட்சை முடிந்து ஒரு மாதம் ஓய்வாக இருந்தபின் இவை வழமைக்குத் திரும்பியிருந்தன. இவர்கள் இளைஞர்கள், சுமையும் ஒரு மாதத்துக்குரியது. ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்களுக்கு மீள்வது இவ்வளவு எளிதாக இராது.

வயதானவர்களுக்கும் வழி மூடப்படவில்லை. வேறொரு அமெரிக்கக் குழு 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 120 முதியவர்கள் பங்குபற்றினர். அவர்களில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு 3 நாட்கள், 40 நிமிடங்கள் வரை வேகமாக நடந்தனர். ஓராண்டின் பின்னர் அவர்களது ஹிப்போகம்பஸின் அளவு சுமார் 2 சதவீதம் அதிகரித்திருந்தது. வெறும் நீட்டிப் பயிற்சிகள் மட்டும் செய்த மற்றப் பிரிவினரில் அது குறைந்திருந்தது.

மெக்யூவன் தன் பிற்கால எழுத்துக்களில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியவை புதுமையான மருந்துகள் அல்ல. போதிய தூக்கம், உடலுழைப்பு, நல்ல உணவு, மனிதர்களின் துணை, வாழ்வுக்கு ஒரு நோக்கம். இவற்றோடு, மக்களின் சுமையைக் குறைக்கும் அரச கொள்கைகளும் வேண்டும் என்றார். மருந்தும் ஆலோசனையும் தேவைப்படுபவர்களுக்கு அவை தேவைதான். அவற்றோடு சூழலும் மாறவேண்டும் என்பதே அவர் சொன்னது.

நாம் செய்யவேண்டியது

தன் மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாக அல்குர்ஆன் கூறுகிறது. அன்னை கதீஜா (ரழி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் மரணித்த ஆண்டு, எமது நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே அழைக்கப்படுகிறது. துயரம் நபிமார்களையும் தொட்டது, அவர்களது உடலையும் தொட்டது. அவர்களின் ஈமானில் குறைகாண எவரும் துணியமாட்டார். அப்படியிருக்க, கவலையால் உடைந்துபோன ஒரு சாதாரண அடியானை மட்டும் ஈமான் இல்லாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்? தொழுகையும் திக்ரும் உள்ளத்துக்கு அமைதி தருபவை என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில், வைத்தியம் செய்துகொள்வதும் தவக்குலின் ஒரு பகுதிதான்.

எமது ஊர்களில் உடனடியாகச் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஜும்ஆ குத்பாக்களில் மன நோய் பற்றிப் பேசும்போது, நோயாளியைக் குற்றவாளியாக்காத மொழியில் பேசலாம். பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியங்கள் உலர் உணவுப் பொதியோடு நின்றுவிடாமல், ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து முழுமையாக மீட்பதை இலக்காகக் கொள்ளலாம். கடன் தீர்ந்தவரின் இரத்த அழுத்தத்துக்கும் அது ஒரு சிகிச்சையே. பெண்கள் பாதுகாப்பாக நடப்பதற்கு ஊரில் ஓர் இடமும் நேரமும் ஒதுக்கலாம். குடும்பத்தில் ஒருவருக்குத் தூக்கமின்மையும் விரக்தியும் வாரக்கணக்கில் தொடர்ந்தால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் நாடலாம்.

கவலையோடு இருப்பவரின் மூளையில் கிளைகள் சுருங்கியிருக்கலாம். அவை மீண்டும் துளிர்க்கக்கூடியவை. அதற்குத் தேவையானவற்றில் முக்கியமான ஒன்று, குற்றம் சொல்லாமல் பக்கத்தில் அமரும் ஒரு மனிதர். அந்த மனிதராக இருப்பதற்கு விஞ்ஞானியாக இருக்கவேண்டிய அவசியமில்லை.